நீ காத்திருந்தபோது நான் போன கப்பல்

என் ஆசை அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆண்டுத் திவசத்துக்கு அத்தான் நினைவு மலர் அடிக்கிறாராம். தேவாரம், உன் படம், ஊர்ப் பெரியவர்களின் இரங்கல் எல்லாம் சேர்த்தாயிற்றாம். "நீயும் நாலு வரி எழுதி அனுப்பு பிள்ளை. கூடப் பிறந்தவள் எழுதாட்டில் சனம் என்ன சொல்லும்?" என்று துபாய்க்கு வந்த ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

சனம் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டது என்று அத்தானுக்குத் தெரியாதா? உன் செத்தவீட்டன்றே சொல்லிவிட்டார்கள். தமக்கை பாயில் கிடக்கத் தங்கச்சிக்காரி வெள்ளைக்காரரோடு கப்பலில் உல்லாசம் போனாளாம். அதுவும் கிரேக்கத்துக்காம். என் காதுபடவே சொன்னார்கள், அக்கா. நான் கிணற்றடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாலு வரியில் எனக்கு அடங்காது. இரங்கலுரை எழுதவும் வராது. உனக்கே எழுதுகிறேன், மற்றவர்கள் வாசித்தால் வாசிக்கட்டும். மலரில் போடுவதும் விடுவதும் அத்தானின் இஷ்டம்.

உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, வாசிக்கிற சனத்துக்காக. உன் மகள் வதனி ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது நான் இங்கே துபாய்க்கு வந்தேன். கராமாவில் ஒரு ஃபிளாட். கொழும்பிலிருந்து வந்த தமிழ்க் குடும்பம். ஐயா கட்டடக் கொம்பனி ஒன்றில் எஞ்சினியர். மேடத்துக்கு உத்தியோகம் இல்லை, ஆனாலும் வீட்டில் காணக் கிடைக்க மாட்டார். மூத்தவள் ஷாமினிக்கு ஏழு வயது, சின்னவன் நடை பழகிக்கொண்டிருந்தான். இரண்டு பேரையும் குளிப்பாட்டி, சோறு தீத்தி, நித்திரையாக்குவது என் வேலை.

தமிழாட்களின் வீடு என்றதும் உனக்கு எவ்வளவு நிம்மதி! "அரபிக்காரற்ற வீடெண்டாப் பயப்பிட வேணும். இது எங்கட ஆக்கள், எங்கட மனம் விளங்கும்" என்றாய். அக்கா, எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் ஓர் அரபி வீட்டில் மலையகத்துப் பிள்ளை ஒருத்தி வேலை செய்தாள். தகப்பன் நோயில் விழுந்துவிட்டார் என்று தகவல் வந்த அன்றே அந்த வீட்டு அம்மா பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் கையில் கொடுத்து, டாக்ஸியும் பிடித்து அனுப்பிவிட்டாள். மனம் விளங்கும் ஆட்களிடம் வந்து சிக்கியது நான்தான்.

உன் மார்பில் கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து நான் லீவு கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றார்கள். பிறகு விருந்தாளி வருகிறார்கள் என்றார்கள். பிறகுதான் இந்தக் கப்பல் வந்தது. ஐயாவின் வெள்ளைக்கார மனேஜர் அதற்கு முந்திய வருடம் மனைவியோடு கிரேக்கத் தீவுகளைச் சுற்றிவிட்டு வந்து ஆல்பம் காட்டியிருக்கிறார். அந்த ஆல்பத்தைப் பார்த்த நாளிலிருந்து மேடத்துக்கு நித்திரையில்லை. அதே கப்பலில், அதே தீவுகளுக்குத் தானும் போயாக வேண்டும்.

"உமக்கென்ன கவலை யோகம்? கப்பல் முடிஞ்ச கையோட நானே டிக்கெட் எடுத்து அனுப்பிவிடுறன். பிள்ளையள் உம்மை விட்டா ஆரிட்டயும் நிக்காதுகள் எண்டு உமக்குத் தெரியும்தானே" என்றார் மேடம். என் பாஸ்போர்ட் ஐயாவின் ஆபீஸ் அலுமாரிக்குள் கிடந்தது. என் விசாவும் அவர் பேரில்தான். சரி என்பதைத் தவிர நான் வேறென்ன சொல்லியிருக்க முடியும்?

இதையெல்லாம் கசெட்டில் பேசி உனக்கு அனுப்பினேன். நீயும் பதிலுக்குக் கசெட் அனுப்பினாய். சத்தம் மெலிந்திருந்தது, ஆனால் நக்கல் மெலியவில்லை. "கிரேக்கமோ? அது எங்க கிடக்கு, கீரிமலைக்கு அங்காலயோ? சரி, போட்டு வா. ஆனா கெதியா வா பிள்ளை. என்ர வருத்தம் உன்ர மேடத்தின்ர கலண்டரைப் பாத்துக்கொண்டிராது. ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போ. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்." நீ கேட்டது அவ்வளவுதான். என் முகம்.

கப்பலுக்குப் புறப்படுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சாமான் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மேடத்தின் முகம் ஒருமாதிரி இருந்தது. அன்றிலிருந்து அவருக்கு என்மேல் திடீர்ப் பாசம். தன் கம்பளிச் சட்டை ஒன்றைத் தந்தார். "கடலில குளிரும், போட்டுக்கொள்ளும்" என்றார். சாப்பிட்டீரா, படுத்தீரா என்று கேட்டார். கப்பலில் என்னிடம் வேலை வாங்கத்தான் இப்படிக் குழையடிக்கிறார் என்று நினைத்தேன்.

ஏதென்ஸில் இறங்கிய மறுநாள் ஒரு மியூசியத்துக்குப் போனோம். தலையில்லாத சிலை, கையில்லாத சிலை என்று எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று மேடம் படம் எடுத்துக்கொண்டார். சின்னவன் என் இடுப்பில் சிணுங்கிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பராக்குக் காட்ட ஒரு மூலைக்குப் போனேன். அங்கே சுவர் நீளத்துக்குப் பழைய கல்லறைக் கற்கள். ஒரு கல்லில் ஒரு பெண் கதிரையில் இருக்கிறாள், எதிரே இன்னொரு பெண் நின்று அவளுடைய கையைப் பிடித்திருக்கிறாள். கதிரையில் இருப்பவள்தான் செத்தவள், மற்றவள் வழியனுப்புகிறவள் என்று வழிகாட்டி சொன்னதை ஷாமினி எனக்குத் தமிழில் சொன்னாள். அழுகை இல்லை, குழறல் இல்லை, சும்மா கையைப் பிடித்திருக்கிறார்கள். எனக்கு உன் நினைவு வந்தது. நானும் போய் இப்படி உன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு கப்பல். சின்னக் கப்பல்தான். பெரிய கப்பல்கள் போக முடியாத துறைக்குள்ளும் இது போகும், அதுதான் இதன் பெருமையாம். என் பெருமை என்னவென்றால், கீழே எஞ்சின் சத்தத்துக்குப் பக்கத்து அறையில் இரண்டு பிள்ளைகளோடும் அவர்களின் வாந்தியோடும் படுத்ததுதான். மேல்தட்டில் வெள்ளைக்காரர் உடம்பு முழுக்க எண்ணெய் பூசிக்கொண்டு வெயிலில் கிடந்தார்கள். துபாயில் வெயிலுக்கு ஒளிந்து ஓடுகிற மேடமும் அவர்களைப் பார்த்து ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு கிடந்தார். மூக்குத் தோல் உரிந்துபோயிற்று. நீ பார்த்திருந்தால் சிரித்து விழுந்திருப்பாய்.

இதைத்தான் ஊர்ச்சனம் உல்லாசம் என்கிறது. கிரேக்கத்தில் எங்கு பார்த்தாலும் படிதான், அக்கா. ஒவ்வொரு தீவிலும் கோயில் மலை உச்சியில் இருக்கும். அவர்கள் கமராவைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நான் சின்னவனையும் அவனுடைய பால்போத்தல் பையையும் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

டெலோஸ் என்று ஒரு தீவு. ஒரு வீடு வாசல் இல்லை, நிழலுக்கு ஒரு மரம் இல்லை. உடைந்த தூண்களும், வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக இருக்கும் கல்லுச் சிங்கங்களும்தான். அங்கே ஐயா எங்களை எல்லாம் நிறுத்திப் படம் எடுத்தார். அந்தத் தீவு ஒரு தெய்வம் பிறந்த இடமாம். அதனால் முற்காலத்தில் அங்கே யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்களாம். சாகக் கிடப்பவர்களைத் தோணியில் ஏற்றி எதிர்த் தீவுக்குக் கொண்டுபோய் விடுவார்களாம். வழிகாட்டி சொல்லச் சொல்ல வெள்ளைக்காரர் வியந்துகொண்டு தலையாட்டினார்கள்.

ஷாமினி என் கையைப் பிடித்து இழுத்தாள். "யோகம் அன்ரி, உங்கட அக்காவ எந்த ஐலண்டுக்குக் கொண்டு போனவை?"

"என்ர அக்கா வீட்டில இருக்கிறா, செல்லம். நான் போய்ப் பாக்கப் போறன்."

"நோ அன்ரி. ஷீ இஸ் டெட். மம்மி டாடிக்குச் சொன்னவ. கப்பல் முடியுமட்டும் உங்களுக்குச் சொல்லக் கூடாதாம்." சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். அந்தப் பிள்ளை என்ன செய்யும்? அதற்கு அழுகை வந்துவிட்டது. அதைத் தேற்றுவதும் என் வேலையாகத்தான் இருந்தது.

பின்னேரம் கப்பலில் மேடம் தலைமயிரை உலர்த்திக்கொண்டிருந்தார். நான் போய் முன்னால் நின்றேன். "மேடம், என்ர அக்கா செத்திட்டாவோ?"

அவர் முதலில் ஷாமினியைப் பார்த்து முறைத்தார். பிறகு, "இரும் யோகம், இதில இரும்" என்றார்.

"எப்ப?"

"நாங்கள் வெளிக்கிட முந்தி. நீர் சாமான் வாங்கப் போன நேரம் உம்மட அத்தான் ஃபோன் எடுத்தவர். தமக்கை கடுமை, உடனே அனுப்பி விடுங்கோ எண்டவர். வேறென்ன சொல்லுவினம்? எங்கட ஆக்கள் ஃபோனில செத்திட்டாவெண்டு நேர சொல்லுறவையே?"

அவர் சொன்னது எனக்கும் விளங்கியது, அக்கா. அதுதான் கொடுமை. இங்கே நம் ஆட்களிடம் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. ஊரில் யார் செத்தாலும் செத்த சேதி வராது. கொஞ்சம் கடுமை, ஒருக்கா வந்துவிட்டுப் போ என்றுதான் வரும். வேலையாட்களின் கேம்ப்பில் கூட இருப்பவர்களுக்கு உண்மை தெரிந்திருக்கும், யாரும் மூச்சு விட மாட்டார்கள். சேதி வந்தவனின் பெட்டியைக் கட்டிக் கொடுத்து, தேறிவிடுவார் பயப்படாதே என்று சொல்லி விமானம் ஏற்றிவிடுவார்கள். ஊர் விமான நிலையத்தில் மச்சான்காரன் வந்து தோளில் கையைப் போடும்போதுதான் அவன் குழறுவான். தூரத்தில் இருப்பவன் தனியே கிடந்து உடைந்துபோகக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் இதனால் துபாயில் கடுமை என்ற சொல்லைக் கேட்டாலே எல்லோரும் மனதுக்குள் ஆளை எரித்துவிடுகிறார்கள்.

"எனக்கேன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொன்னா மட்டும்? நீர் போய்ச் சேர முன்னம் எல்லாம் முடிஞ்சிருக்கும். போன உயிர் திரும்பி வருமே? நாலு இடம் பாத்தா உமக்கும் மனம் தேறுமெண்டு நினைச்சன்." பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த ஐயா தலையை நிமிர்த்தாமலே, "இங்கயிருந்து உம்மைத் தனிய அனுப்பேலாது. விசா எங்களோட சேத்துத்தான் அடிச்சிருக்கு" என்றார். ஊருக்கு ஒரு ஃபோன் எடுக்கலாமா என்று கேட்டேன். "செத்தவீட்டுக்கு ஃபோன் எடுத்து என்னத்தைக் கதைக்கிறது?" என்றார் மேடம். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் நீ செத்தவள்தான், அந்த நேரம்.

அன்றிலிருந்து பொட்டு வைக்கவில்லை. மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தின்னவில்லை. கப்பலில் அறைகளைத் துப்புரவு செய்கிற கிரேக்க மனுசி ஒருத்தி இருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டாள். எனக்கு அவளுடைய பாஷை தெரியாது. தான் உடுத்திருந்த கறுப்புச் சட்டையைத் தொட்டுக் காட்டி, என்னைச் சுட்டிக் கேட்டாள். "சிஸ்டர்" என்றேன். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து என் தலையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். என் பாஷை பேசுகிறவர்கள் மேல்தட்டில் குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவளே சாப்பாட்டு மேசையில் இருந்த பூக்களை எடுத்துவந்து தந்தாள். கப்பல் சாந்தோரினி என்ற தீவை நெருங்கிக்கொண்டிருந்தது. பின்தட்டில் நின்று எனக்குத் தெரிந்த தேவாரத்தைச் சொல்லி, உன் பெயரைச் சொல்லி, பூவைக் கடலில் போட்டேன். உன் ஆத்மா சாந்தியடைய வேண்டும் என்று கும்பிட்டேன். மற்றப் பக்கத்தில் வெண்சுண்ணாம்பு வீடுகள் தெரிகின்றன என்று எல்லோரும் கூவிக்கொண்டு ஓடினார்கள். அந்த வீடுகளை நானும் பார்த்தேன், ஊர்ச்சனத்துக்குச் சொல்லு. பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

கப்பல் முடிந்து, துபாய் வந்து, ஐயாவின் அலுமாரி திறந்து, பாஸ்போர்ட் கைக்கு வந்து, நான் கொழும்பில் இறங்கியபோது என்னை அழைத்துப் போக யாரும் வரவில்லை. வருகிறேன் என்று யாருக்கும் அறிவித்திருக்கவில்லை. யாழ்தேவியில் ஏறிச் சுன்னாகத்தில் இறங்கினேன். வழி நெடுக ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியாவது முடியாமல் இருக்காதா, வதனியைக் கட்டிப்பிடித்து அழவாவது கிடைக்காதா என்று.

ஒழுங்கைக்குள் திரும்பியதும் வாசலில் பச்சை ஓலைத் தோரணம். முற்றத்தில் அப்போதுதான் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். பெண்கள் தலைமுழுகி ஈர மயிரோடு நின்றார்கள். முன்வீட்டு மாமி என்னைக் கண்டதும் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "பிந்திட்டியேடி பிள்ளை! இப்பத்தானே கொண்டு போறாங்கள்!"

எனக்கு விளங்கவில்லை. "ஆரை?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் சனம் என்னைப் பார்த்துப் பைத்தியமா என்றது. சுடலைக்குப் பெண்கள் போகும் வழக்கம் இல்லை. நான் ஓடினேன். பாதி வழியில் என்னை மறித்துக் கொண்டுவந்து இருத்தினார்கள். பனைகளுக்கு மேலே புகை தெரிந்தது.

அத்தான் வந்ததும் அவருடைய சட்டையைப் பிடித்தேன். "அத்தான், ஃபோனில என்ன சொன்னீங்கள்?"

"கடுமை எண்டு சொன்னனான். அனுப்பிவிடச் சொன்னனான். அவவும் ஓம், அனுப்புறம் எண்டவ."

"கடுமையெண்டா…"

"கடுமையெண்டாக் கடுமைதான்! உயிரோட கிடக்கிறவளைச் செத்திட்டாள் எண்டு சொல்லுவனே?" அத்தான் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

அக்கா, நான் அந்தக் கல்லறைக் கல்லைப் பார்த்தபோது நீ உயிரோடு இருந்தாய். டெலோஸில் சிங்கத்துக்குப் பக்கத்தில் நின்றபோது உயிரோடு இருந்தாய். உயிரோடு இருந்த உனக்கு நான் கடலில் பூப் போட்டேன். சாந்தியடை என்று கும்பிட்டேன். நீ சாக வேண்டும் என்று ஒருத்தி கும்பிட்டால் அதற்கு என்ன பெயர்? தெய்வத்துக்குக் கேட்டிருக்குமா?

இன்னொரு சங்கதியை வதனிதான் சொன்னாள். மேடம் அனுப்புகிறோம் என்று சொன்னதை நம்பி, யோகம் வெளிக்கிட்டுவிட்டாள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் வரவில்லை. திரும்ப ஃபோன் எடுத்தபோது பூட்டிய வீட்டில் அது அடித்துக்கொண்டே இருந்ததாம். வரவில்லை என்று சொன்னால் நீ அன்றே போய்விடுவாய் என்ற பயத்தில், என்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிவந்திருக்கிறார்கள். பிளேன் ஏறிவிட்டாளாம். கொழும்பில் நிற்கிறாளாம். பிறகு வவுனியா. பிறகு கிளிநொச்சி. பிறகு உப்பளங்கள் கிடக்கிற ஆனையிறவு. உலகத்தில் எந்த யாழ்தேவியும் இவ்வளவு மெதுவாக ஓடியிருக்காது. "ஆனையிறவு தாண்டுதாம்" என்று அத்தான் மூன்றாம் தரமும் சொன்னபோது நீ கண்ணைத் திறக்காமலே கேட்டாயாம்: "ஏன், இறங்கி உப்பு அள்ளுறாளோ?"

உனக்குத் தெரிந்திருக்கிறது. அவர்கள் சொல்வது பொய் என்று தெரிந்துதான் கிடந்திருக்கிறாய். ஆனால் கடைசியில் சுன்னாகத்தில் இறங்கிவிட்டாள் என்று சொன்னார்களாமே. அப்போது மட்டும் வதனியைக் கூப்பிட்டு, "என்ர தலையை ஒருக்கா இழுத்துவிடு பிள்ளை. இந்தக் கோலத்தில பாத்தாச் சித்தி பயந்துபோவாள்" என்றாயாம். அவள் உனக்குத் தலையிழுத்து, பின்னிக் கட்டி, பொட்டு வைத்துவிட்டாளாம். நீ வாசலைப் பார்த்தபடி போனாயாம். அக்கா, அந்த ஒரு பொய்யை நீ நம்பினாயா? இல்லை, அவர்களுக்காக நம்பியதுபோல் இருந்தாயா?

நான் திரும்பவும் இந்த வீட்டுக்கே வந்தேன். ரோசமில்லாதவள் என்று அதற்கும் சனம் பேசியிருக்கும். ஐயா எழுதித் தராமல் துபாயில் இன்னொரு வீட்டுக்கு மாற முடியாது. வதனியின் படிப்பு இருக்கிறது. மேடத்துக்கு நடந்ததை எல்லாம் சொன்னேன். "ஐயோ யோகம், எனக்கென்னெண்டு தெரியும்? ஆரெண்டாலும் அப்பிடித்தானே நினைச்சிருப்பினம்" என்றார். அவ்வளவுதான். பிறகு ஒரு புதுச் சேலை தந்தார். அது இன்னும் கடதாசி பிரிக்காமல் கிடக்கிறது.

விருந்தாளி வந்தால் ஆல்பம் வெளியே வரும். சிங்கங்களுக்கு முன்னால் சின்னவனைத் தூக்கிக்கொண்டு நான் நிற்கிற படத்தைக் காட்டி, "எங்கட யோகமும் கிறீஸ் பாத்தவ" என்பார். கேட்பவர்கள், "நீர் குடுத்து வைச்சனீர்" என்று என்னிடம் சொல்வார்கள். நான் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவேன்.

போன மாதம் ஒரு பின்னேரம். மேடம் சிநேகிதி வீட்டுப் பிறந்தநாளுக்குப் போயிருந்தார். ஃபோன் அடித்தது. கொழும்பிலிருந்து மேடத்தின் தம்பி. "மம்மி கடுமை. அக்காவ உடன வரச் சொல்லும்."

 "தம்பி, உயிரோட இருக்கிறாவோ, இல்லையோ?" என்று கேட்டேன்.

"என்ன கதை கதைக்கிறீர் நீர்?"

"கோவிக்காதேங்கோ. எனக்கு இதுக்கு மறுமொழி வேணும். இருக்கிறாவோ, இல்லையோ?"

 குரல் உடைந்துபோய்ச் சொன்னார். "இருக்கிறா. இழுத்து இழுத்து மூச்சு விடுறா. அக்கா வந்திட்டாளோ எண்டு கேக்கிறா."

ஃபோனை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். நான் நல்லவள் என்று நீ நினைத்துவிடாதே. பிள்ளைகளுக்குத் தீத்திவிட்டுச் சொல்லலாம், விடிந்த பிறகு சொல்லலாம், லைன் விளங்கவில்லை என்று சொல்லலாம் என்றெல்லாம் மனம் ஓடியது. மேடமும் ஒருதரம் பிந்திப் பார்க்கட்டுமே என்று ஓடியது. யாருக்கும் தெரியவராது. ஆனால் கொழும்பில் ஒரு மனுசி வாசலைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். அவளோடு எனக்கு என்ன கோபம்? பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்து அந்தச் சிநேகிதி வீட்டுக்கு ஓடினேன்.

சேதியைச் சொன்னதும் மேடம் அப்படியே கீழே இருந்துவிட்டார். "அம்மா போட்டா! என்ர அம்மா போட்டா!" என்று குழறத் தொடங்கினார். சுற்றி நின்றவர்களும் சேர்ந்து மூக்கைச் சிந்தினார்கள். கேக் மேசைக்குப் பக்கத்தில் ஒரு முழுச் செத்தவீடு நடந்தது. யாரோ, "இனி அவசரப்பட்டு என்ன, நாளைக்கு ஆறுதலா டிக்கெட்டைப் பாப்பம்" என்றும் சொல்லிவிட்டார்.

எனக்கு எங்கிருந்து அந்தச் சத்தம் வந்ததோ தெரியாது. "சாகேல்லை!" என்று கத்தினேன். "அழுகையை நிப்பாட்டுங்கோ! உயிரோட இருக்கிறா. நான் கேட்டு அறிஞ்சுதான் வந்தனான். உங்களைத்தான் கேக்கிறாவாம். எழும்புங்கோ மேடம்! இண்டைக்கே போங்கோ!" கையைப் பிடித்து இழுத்து எழுப்பினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து உடுப்பை நானே பெட்டிக்குள் திணித்தேன். அன்றிரவு விமானத்திலேயே அவரைப் போக வைத்தேன். போகிற வழியெல்லாம் அவர் நம்பவில்லையாம். போய்ப் பார்த்தால் தாய் கண்ணைத் திறந்து, பெயரைச் சொல்லி, கையைப் பிடித்திருக்கிறார். அடுத்தநாள்தான் உயிர் போயிற்றாம்.

முந்தாநாள் மேடம் திரும்பி வந்தார். குசினிக்குள் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "அம்மா என்னைக் கண்டவ யோகம். உம்மாலதான் அம்மாவின்ர முகத்தைப் பாத்தனான். நீர் என்ர கூடப் பிறந்தவ மாதிரி."  உன்னைப் பற்றி ஒரு சொல்லாவது வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் வந்தது. "பழசை மனசில வைச்சிருக்காதேயும். நீர் என்னை மன்னிச்சிட்டீர் எண்டுதானே இதுக்கு அருத்தம்?"

"இல்லை" என்றேன்.

அவர் கையை விட்டுவிட்டார். நான் அடுப்பில் பாலை வைத்தேன், சின்னவனுக்குப் பசி நேரம்.

அக்கா, உனக்கு நான் தருகிற வாக்கு இதுதான். வதனி படித்து முடிக்கும்வரை இந்த வீட்டில் இருப்பேன். இந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வைக்க மாட்டேன். எந்த வீட்டு ஃபோனை எடுத்தாலும் இருக்கிறாரா இல்லையா என்று கேட்டு, கேட்டதை அப்படியே சொல்வேன். கல்நெஞ்சுக்காரி என்று யார் சொன்னாலும் சொல்வேன். ஆனால் உனக்குச் செய்ததை உன் பேரில் நான் யாருக்கும் மன்னிக்க மாட்டேன். மேடத்துக்கும் இல்லை, அத்தானுக்கும் இல்லை. அது உன்னுடையது. தலையிழுத்து, பொட்டு வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தவள் நீ.

உன்னிடம் வந்து சேராத
உன் ஒரே தங்கச்சி,
யோகம்